சித்தியின் அளவு ரவிக்கை

ஸ்ரீவில்லிபுத்தூரில் பாதிப் பெண்களின் கழுத்தளவு எங்கள் வீட்டுச் சுவரில்தான் தொங்கியது. அம்மா ரவிக்கை தைப்பவள். ஒருத்திக்கு முதல் தடவை தைக்கும்போது, அவளுடைய அளவுக்குப் பழைய செய்தித்தாளில் ஒரு மாதிரி வெட்டி, ஓரத்தில் நீலப் பென்சிலால் பேரை எழுதி ஆணியில் மாட்டிவிடுவாள். அடுத்த தடவை ஆள் வர வேண்டியதில்லை, துணி வந்தால் போதும். அதற்கு எங்கள் வீட்டில் ‘காகிதம்’ என்றுதான் பேர். நர்ஸம்மா காகிதம், தாசில்தார் வீட்டுக் காகிதம், வன்னியம்பட்டிக் காகிதம் என்று ஒரு ஐம்பது அறுபது இருக்கும். ஜன்னலைத் திறந்தால் அத்தனை பேரும் சேர்ந்து சலசலப்பார்கள். அந்தப் பெண்களைத் தெருவில் பார்த்தால் நான் முகத்தைப் பார்க்கமாட்டேன், கழுத்தைத்தான் பார்ப்பேன். அது ஒரு கெட்ட பழக்கம், இந்த வயதிலும் விடவில்லை.

அந்தக் காகிதங்கள் எல்லாம் பாதிதான். இடதும் வலதும் ஒன்று என்ற நம்பிக்கையில் வெட்டுவது அது. துணியை இரண்டாக மடித்து, மேலே பாதிக் காகிதத்தை வைத்து வெட்டினால், விரிக்கும்போது முழுசாக இருக்கும். தாசில்தார் சம்சாரமானாலும் சரி, நர்ஸம்மாவானாலும் சரி, பாதிக்கு மேல் யாருக்கும் காகிதம் செலவழித்ததில்லை. என் சித்திக்கு மட்டும் முழுக் காகிதம். சுவரில் அது ஒன்றுதான் இரண்டு தோளோடும் இரண்டு பக்கக் கழுத்தோடும் தொங்கியது.

அதைப் பெரிய சலுகை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் ஒரு முழுக் காகிதம் வேண்டும் என்று அம்மாவிடம் ஒரு நாள் அடம்பிடித்தேன். அம்மா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, “அப்படிச் சொல்லாதட்டி” என்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தவளுக்கு அந்த மெதுவான குரல் ஏமாற்றமாக இருந்தது.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. ஒரு காலரா வருஷத்தில் தாயும் தகப்பனும் ஒரே வாரத்தில் போய்விட, எங்கள் வீட்டுக்கு வந்தவள். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு டீச்சர். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் தேவதானத்திலிருந்து வண்டியில் வரும்போது, சக்கரம் பள்ளத்தில் இறங்கியதில் தூக்கி எறியப்பட்டு இடப்பக்கக் காறை எலும்பு ஒடிந்தது. எலும்பு கட்டுகிறவர் ஒருவர் முட்டையும் மூங்கில் பத்தையும் வைத்துக் கட்டினார். எலும்பு சேர்ந்தது, ஆனால் குட்டையாகச் சேர்ந்தது. இடது தோள் வலதைவிட முக்கால் இஞ்சு இறங்கி, கொஞ்சம் முன்னால் தள்ளி நின்றுவிட்டது. கைக்கு ஒன்றும் குறையில்லை. குடம் தூக்குவாள், ஆட்டுரலில் ஆட்டுவாள், என்னைத் தூக்கிச் சுற்றுவாள். முந்தானை அந்தத் தோளில்தான் கிடக்கும் என்பதால் வெளியாருக்குத் தெரியாது. கடவுள் ஒடித்ததுதான் ஒடித்தார், முந்தானை போடுகிற பக்கமாகப் பார்த்து ஒடித்தார் என்று அம்மா சொல்வாள்.

ரவிக்கைதான் காட்டிக்கொடுக்கும். பாதிக் காகிதத்தில் வெட்டினால் வலப்பக்கக் கழுத்து ஒட்டி நிற்கும், இடப்பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். சித்தி கரும்பலகையில் எழுதக் குனியும்போதெல்லாம் ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது அம்மா அதைச் சரிப்படுத்தியே தீர்வது என்று உட்கார்ந்தாள். இரண்டு நாள் குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டு சித்தியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கழுத்தோரத்தில் மிஞ்சி நின்ற துணியை விரலால் கிள்ளி ஊசி குத்தினாள். பிறகு காகிதத்தின் இடப்பக்கக் கழுத்தில் அதே அளவுக்கு ஒரு மடிப்பு எடுத்தாள். கழுத்தில் நகத்தின் அகலம் இருக்கும், கக்கத்துப் பக்கம் போகப்போக ஒன்றுமில்லாமல் தேய்ந்துவிடும். தோள்கோட்டை இறக்கினாள். தோளை இறக்கினால் கைக்குழியையும் அவ்வளவுக்கு இறக்க வேண்டும், இல்லாவிட்டால் கையைத் தூக்க முடியாது. மடித்த இடத்தில் கஞ்சிப் பசை தடவி ஒட்டியது நான். ஆகவே அந்தக் காகிதத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அந்தக் காகிதத்தில் தைத்த ரவிக்கையைக் கட்டிலில் விரித்தால் கோணலாகக் கிடக்கும். சித்தி போட்டால் நேராகிவிடும். முதல் தடவை போட்டுப் பார்த்த அன்று, சித்தி கண்ணாடி முன் நின்று கழுத்தோரத்தைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டு அழுதாள். நன்றாகத் தைத்ததற்கு எதற்கு அழுகை என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோல் இல்லாமல் பஸ் கரிப்புகையில் ஓடியது. துணி கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. அம்மா காகிதத்தைத் துணிமேல் வைத்துவிட்டு, வெட்டுவதற்கு முன் கண்ணை மூடி ஜெபம் செய்வாள். “வெட்டுனது வெட்டுனதுதான். இன்னொரு துணிக்கு எங்க போறது?” என்று எனக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்வாள். மற்றப் பிள்ளைகள் வாய்ப்பாடு படித்ததைப் போல நான் இதைப் படித்தேன்.

சித்திக்கு இருபத்தைந்து வயது ஆகியிருந்தது. அந்த நாளில் அது பெரிய வயது. மூன்று இடம் வந்து போயிற்று. மூன்று இடத்திலும் அப்பா தோள் விஷயத்தை முதலிலேயே சொன்னார். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுக்கிறவர், அவரால் அப்படித்தான் முடியும். மூன்று இடத்தாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், காப்பி குடித்தார்கள், போய்க் கடிதம் போடுகிறோம் என்றார்கள். ஒரு கடிதமும் வரவில்லை.

நாலாவதாக ராஜபாளையத்திலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை பஞ்சாலையில் குமாஸ்தா. தகப்பனார் இல்லை. தாயாரும் கல்யாணமான ஒரு அக்காளும்தான். இந்தத் தடவை அம்மா அப்பாவிடம் முந்திக்கொண்டாள். அடுப்படியில் நான் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது பேசியதால் எனக்குக் காதில் விழுந்தது.

“சொல்லிருவமே. பொறவு தெரிஞ்சா அசிங்கம்லா” என்றார் அப்பா.

“மூணு வாசல்ல சொல்லியாச்சி. கை வெளங்காத புள்ளையா அவ? கழுத்துல தாலி ஏறட்டும். பொறவு அவ வேல செய்யிறதப் பாத்து அவியளே தெரிஞ்சுக்கிடுவாக” என்றாள் அம்மா.

அப்பா பதில் சொல்லாமல் எழுந்து போனார். அவர் அப்படிப் போனால் சம்மதம் என்று அர்த்தம். எனக்கு இந்தப் பேச்சில் பாதிதான் புரிந்தது. ‘தெரிஞ்சா அசிங்கம்’ என்பது வீட்டில் ஓடு ஒழுகுவதைப் பற்றியது என்று வைத்துக்கொண்டேன்.

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை தலையைப் படிய வாரி, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். வந்ததிலிருந்து போகும்வரை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கோயிலில் பாடகர் குழுவில் சித்தி எந்தக் குரல் பாடுகிறாள் என்று கேட்டார். எங்கள் ஆட்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். ரெண்டாங் குரல் என்றாள் சித்தி. தானும் ராஜபாளையத்தில் பாடுவதாகச் சொல்லிவிட்டு, அதற்கே வேர்த்துப்போய்க் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். அவர்கள் போன பிறகு சித்தி பாத்திரம் கழுவும்போது ரெண்டாங் குரலை மட்டும் தனியாக முனகிக்கொண்டிருந்தாள். முதல் குரல் இல்லாமல் கேட்டால் அது ஒரு பாட்டாகவே இருக்காது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நிச்சயம் ஆயிற்று. கல்யாணச் சேலையும் ரவிக்கையும் மாப்பிள்ளை வீட்டார் எடுக்க வேண்டும் என்பது வழக்கம். அம்மா, துணியை மட்டும் கொடுத்துவிடுங்கள், தைக்கிறது நான்தானே, என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மாப்பிள்ளையின் தாயார் அதெல்லாம் கூடாது என்றுவிட்டார். அவர்கள் குடும்பத்தில், அவருடைய மாமியார் காலத்திலிருந்தே, மருமகளுக்குக் கல்யாண ரவிக்கை மாப்பிள்ளை வீட்டுத் தையற்காரர் கையால்தானாம். ராஜபாளையம் கடைவீதியில் அவர்களுக்கு வழக்கமான ஒருவர் இருந்தார். “அளவு ரவிக்கை ஒண்ணு குடுத்துவிடுங்க, போதும்” என்று சொல்லியனுப்பினார்கள்.

அளவு ரவிக்கை என்றால் பெண் வழக்கமாகப் போடுகிற ரவிக்கைகளில் ஒன்று. அதைப் பார்த்துத் தையற்காரர் வெட்டிக்கொள்வார். கொடுப்பதற்கு சித்தியிடம் ரவிக்கை இல்லாமலா போயிற்று? ஆனால் அம்மா புதிதாக ஒன்று தைக்க உட்கார்ந்தாள். அப்பாவின் பழைய மல் வேட்டியை எடுத்து இரண்டாக மடித்தாள். ஆணியிலிருந்து நர்ஸம்மாவின் பாதிக் காகிதத்தை எடுத்து அதன்மேல் வைத்தாள். நர்ஸம்மாவும் சித்தியும் ஏறக்குறைய ஒரே பருமன்.

எனக்குப் பகீரென்றது. “அம்மா, சித்திக்கு முழுக் காகிதம்லா?” என்றேன்.

“ஒன் சோலியப் பாருட்டி” என்றாள் அம்மா.

அன்று வெட்டுவதற்கு முன் அவள் கண்ணை மூடி ஜெபம் செய்யவில்லை. தைத்து முடித்த பிறகு, அந்தப் புது ரவிக்கையை இரண்டு தடவை துவைத்தாள், கல்லில் அடித்தாள், கசக்கிக் காயப்போட்டாள். நாலு மாதம் போட்டு உழைத்ததைப் போல ஆகிவிட்டது. புதுத் துணியை இப்படி யாராவது பாழாக்குவார்களா? கல்யாண அலைச்சலில் அம்மாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றே முடிவு செய்தேன்.

இன்றைக்குத் தெரிகிறது. கோணல் ரவிக்கை போனால் கோணல் தோள் தெரிந்துவிடும். அதற்காக நேரான ஒரு ரவிக்கையை அனுப்புவது, கல்யாண ரவிக்கை தைத்து வந்ததும் இரண்டு நாளில் பிரித்து சித்தியின் காகிதத்துக்குத் திருத்திவிடுவது. அம்மாவின் திட்டம் அது. கல்யாணத்தன்று கழுத்து ஒட்டி நிற்கும், முந்தானை மேலே கிடக்கும், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். நல்ல திட்டம்தான். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான் குறை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. நேரான ரவிக்கையைப் பார்த்துத் தையற்காரர் நேராக வெட்டிவிடுவார். வெட்டியது வெட்டியதுதான். கல்யாண ரவிக்கைக்கு இன்னொரு வெள்ளைப் பட்டு ஊரிலேயே கிடைக்காது. கல்யாணத்தன்று சித்தி குருவானவர் முன்னால் முழங்கால் போடும்போது கழுத்து வாயைப் பிளக்கும். எல்லாரும் பார்க்க, பூச்செண்டை ஒரு கையிலும் கழுத்தை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறாள். அம்மாவிடம் இன்னொரு தடவை சொன்னேன். முதுகில் ஒரு அடி விழுந்தது.

மாப்பிள்ளையின் அக்காள் ஒரு நாள் மத்தியானம் பஸ்ஸில் வந்தார். அம்மா அளவு ரவிக்கையை ஒரு வெள்ளைத் துண்டில் முடிந்து உள்ளறையில் மிஷின்மேல் வைத்திருந்தாள். கூடத்தில் அவரிடம், “கழுத்த மட்டும் நல்லா இறக்கி வெட்ட வேண்டாம்னு சொல்லுங்க மதினி. உள்மடிப்புத் துணியும் தாராளமா விடட்டும். மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் உள்ளறைக்குள் போனேன். சித்தியின் பெட்டியைத் திறந்தேன். அவள் கோயிலுக்குப் போடும் வெள்ளை ரவிக்கை மேலாக இருந்தது. துண்டை அவிழ்த்து அதை வைத்தேன். அம்மா தைத்த நேர் ரவிக்கையை அதே மடிப்பில் பெட்டியில் வைத்தேன். இரண்டும் வெள்ளை, இரண்டும் மல். எனக்கு முடிச்சுப் போட வராது, இன்றைக்கும் என் முடிச்சு நிற்காது. ஏதோ ஒரு மாதிரி சுருட்டி வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். நெஞ்சு அடித்துக்கொண்டது, பயத்தினால் அல்ல, பெருமையினால்.

மூட்டையை எடுத்துப்போக சித்திதான் வந்தாள். முடிச்சு அவிழ்ந்து கிடந்ததைப் பார்த்துத் துண்டைப் பிரித்தாள். தன் ரவிக்கையின் இடப்பக்கக் கழுத்தோரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு ஓரங்களை நன்றாக உள்ளே தள்ளி, இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டுக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். நான் தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்ல ஆள் உண்டா என்று குருவானவர் கேட்பார். ஓலை வாசிப்பது என்போம். முதல் ஞாயிறு சித்தியின் ஓலையை வாசித்தார்கள். பெண்கள் பக்கத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டாம் ஞாயிறும் வாசித்தார்கள். அந்த இரண்டு வாரமும் சித்தி ஒரு நிலையில் இல்லை. ராஜபாளையம் பஸ் திரும்புகிற சத்தம் கேட்டால் செய்கிற வேலையை விட்டுவிட்டு வாசலைப் பார்ப்பாள். சாப்பாடு குறைந்துவிட்டது. “கலியாணத்துக்குள்ள எலும்பும் தோலுமா ஆயிராத தாயி, பொறவு எல்லாத்தையும் புடிச்சுத் தைக்கணும்” என்று அம்மா கேலி செய்தாள்.

மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, மாப்பிள்ளையின் தாயாரும் தாய்மாமனும் வந்து இறங்கினார்கள். கையில் வெள்ளைத் துண்டு மூட்டை இருந்தது. ரவிக்கை தைத்து வந்துவிட்டது என்று நான் துள்ளிக்கொண்டு ஓடினேன். என்னைத் தாண்டிப் போய், மூட்டையை மேஜைமேல் வைத்து அவிழ்த்தார் அந்த அம்மாள்.

“வாத்தியாரம்மா, இது உங்க தங்கச்சி ரவிக்கைதான?” என்று கேட்டார்.

அம்மா பார்த்தாள். அவளுடைய கைவேலையை அவளுக்குத் தெரியாதா. முகத்தில் ரத்தம் இல்லாமல் போயிற்று.

“எங்க தையக்காரரு துணிய மடிச்சுப் போட்டு, இத மேல வச்சுப் பாத்துட்டு, கத்தரியக் கீழ வச்சுட்டாரு. தச்ச கை சாமானியக் கையில்ல, தெரிஞ்சு தச்ச கை, இந்தப் புள்ளைக்கு எடது தோளு ஒடஞ்சு சேந்திருக்குன்னு சொன்னாரு. இத நாங்க கடைவீதியில நின்னு ஒரு தையக்காரர் வாயால கேக்கணுமா?”

அப்பா எழுந்து நின்றார். “தப்புதான்” என்றார். ஒரு வாத்தியார், தப்புச் செய்த மாணவனைப் போல நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

“ஒடஞ்சது தப்பில்ல வாத்தியாரே. மறச்சதுதான் தப்பு” என்றார் தாய்மாமன். நல்ல மனிதர்தான். குரல்கூட உயரவில்லை.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். “சொல்லியிருந்தா பொண்ணு பாக்க வந்திருப்பியளா?”

அந்த அம்மாள் கொண்டுவந்த துண்டை மடித்து வைப்பதில் முனைப்பாக இருந்தார். அவர் கெட்டவர் என்று நான் இத்தனை வருஷமாக நினைக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. ஒரே மகனைத் தனியாக வளர்த்தவர், ஏமாற்றப்பட்டவர்.

இதற்குள் சித்தி உள்ளறையிலிருந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முந்தானை தோளிலிருந்து வழிந்திருந்தது. அதை ஏற்றிவிடவில்லை. வந்தவர்களை வணங்கிவிட்டு, மாப்பிள்ளையைப் பற்றி ஒன்றே ஒன்று கேட்டாள்.

“இந்த ரவிக்கைய அவிய பாத்தாவளா?”

“பாத்தான். அவனும் கூடத்தான் இருந்தான்” என்றார் அந்த அம்மாள்.

“என்ன சொன்னாவ?”

“அவன் என்ன சொல்லுவான். அம்மா இஷ்டம்னுட்டான்.”

சித்தி தலையை ஆட்டினாள். கணக்கு வகுப்பில் பிள்ளை சரியான விடை சொன்னால் ஆட்டுவாளே, அந்த மாதிரி. பிறகு உள்ளே போய்விட்டாள். இவ்வளவு பெரிய சண்டைக்கு நடுவில் ரவிக்கையை யார் பார்த்தார்கள் என்பதா கேள்வி என்று எனக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை சித்தி கோயிலுக்கு வரமாட்டாள் என்று எல்லாரும் நினைத்தோம். வந்தாள். திரும்பி வந்த அந்த வெள்ளை ரவிக்கையைத்தான் போட்டிருந்தாள். ஓலை வாசிக்கும் நேரம் வந்தது. வேறு ஒரு ஜோடியின் பேரை வாசித்துவிட்டுக் குருவானவர் காகிதத்தை மடித்துக்கொண்டார். பெண்கள் பக்கத்தில் தலைகள் திரும்பின. போன இரண்டு வாரமும் திரும்பிய அதே தலைகள்தான். சித்தி பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ரெண்டாங் குரல் பாடினாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. ஆனால் நான் வைத்த ரவிக்கையால்தான் இது நடந்தது என்று தெரிந்ததே தவிர, ஒரு ரவிக்கை எப்படிக் கல்யாணத்தை நிறுத்தும் என்பது விளங்கவில்லை. சரியான அளவைத்தானே அனுப்பினேன்?

அம்மா தன்னையே சந்தேகப்பட்டாள். வந்தவர்கள் போன பிறகு சித்தியின் பெட்டியைத் திறந்து, நேர் ரவிக்கை அதில் மடிப்புக் கலையாமல் இருப்பதைப் பார்த்தாள். “ரெண்டும் வெள்ள. அவசரத்துல மாத்தி முடிஞ்சிருக்கேன். என் கையாலயே நான் கெடுத்தேன்” என்று தலையில் அடித்துக்கொண்டாள். யார் மேலும் சந்தேகம் வரவில்லை அவளுக்கு. கண் மங்கி ஊசி கோக்க முடியாமல் போன காலத்திலும், திடீரென்று வேலையை நிறுத்திவிட்டு, எப்படி மாறிப்போச்சு என்று எனக்குக் கேட்கும்படி சொல்வாள். நான் வேறு பேச்சு எடுப்பேன். அந்தப் பழியோடுதான் அவள் போனாள். நான் வாயைத் திறந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் இறக்கிவைத்திருக்கலாம். செய்யவில்லை. முதலில் அடிக்குப் பயந்து செய்யவில்லை, பிறகு எதற்குப் பயந்தேன் என்று எனக்கே தெரியாது.

சித்திக்கு அதன்பிறகு இடம் வரவில்லை. இரண்டு ஓலை வாசித்து நின்றுபோன பெண் என்று பேர் ஆகிவிட்டது. அது தோளைவிடப் பெரிய குறை. அந்த மாப்பிள்ளைக்கு அடுத்த வருஷம் கல்யாணம் நடந்ததாகக் கேள்விப்பட்டோம். சித்தி கடைசிவரை சின்ன வகுப்புக்கே டீச்சராக இருந்து ஓய்வுபெற்றாள்.

ஓலை நின்று ஒரு மாதம் இருக்கும். சித்தியும் நானும் பள்ளிக்கூடத்துக்கு நடந்துகொண்டிருந்தோம். மழை பெய்து தெரு முழுக்கச் சேறு. அந்த ஒரு மாதமும் எனக்குச் சோறு இறங்கவில்லை, படுத்தால் கண்ணை மூட முடியவில்லை. தாங்க முடியாமல் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

“சித்தி, ரவிக்கைய நாந்தான் மாத்தி வச்சேன். கலியாணத்துக்குக் கழுத்து சரியா நிக்கணும்னுதான் வச்சேன்.”

சித்தி நின்றாள். நான் அடிக்குத் தயாராக முதுகைக் குறுக்கினேன்.

“தெரியும்ட்டி. முடிச்சுப் போடும்போதே பாத்தேன்” என்றாள்.

எனக்கு முதலில் வந்த கவலை ஒன்றுதான். “அம்மாட்ட சொல்லிருவியா?”

“சொல்லமாட்டேன். நீயும் சொல்லாத.”

அவ்வளவுதான். கால் முழுக்கச் சேறாகியிருக்கிறது, பள்ளிக்கூடக் கிணற்றடியில் கழுவிக்கொள் என்றாள். முதல் மணி அடிக்கிற சத்தம் கேட்டது. ஒரு மாதப் பாரம் ஒரு நொடியில் இறங்கிவிட்ட சந்தோஷத்தில் அவள் கையை உதறிக்கொண்டு ஓடினேன். வரிசையில் முதல் ஆளாக நின்றேன். அன்று மத்தியானம் சோற்றை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அந்த ரவிக்கையைப் பார்த்த பிறகும் எதற்காக அவ்வளவு இறுக்கி முடிச்சுப் போட்டாய் என்று அவளிடம் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அந்த இரண்டு வாரமும் ராஜபாளையம் பஸ் வரும்போதெல்லாம் அவள் வாசலைப் பார்த்தது, கல்யாண ரவிக்கையை எதிர்பார்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.